பெருமாளுக்கும் பிராசஸருக்கும் புழுக்கம்

மே மாத மத்தியானத்தில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? அப்படியானால் அந்தப் பெருமாளுக்கு விசிறி எதற்கு என்று கேட்க மாட்டீர்கள்.

பதினோராம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். பெருமாளுக்கு விசிற வேண்டும் என்பதுதான் அவருக்கு வாழ்நாள் ஆசை. ஸ்ரீரங்கம் போனார். இரண்டு பக்கமும் காவிரி ஓடும்போது எனக்கெதற்கு விசிறி என்று அரங்கன் அனுப்பிவிட்டாராம். திருமலையிலும் அதே கதை, மலைக் குளிர். காஞ்சிக்குப் போ, அங்கே நான் பிரம்மாவின் யாகத் தீயிலிருந்து வந்தவன், சூடு இன்னும் தணியவில்லை என்று பதில் வந்ததாம். அதே சூட்டுக்காகத்தான் அத்திவரதர் குளத்துக்குள் இருக்கிறார் என்றும் சொல்வார்கள். 1979-க்குப் பிறகு 2019-ல் 48 நாள் வெளியே வந்தாரே, அவர்தான். கம்ப்யூட்டர்க்காரர்கள் பாஷையில் சொன்னால், ஒரே கோயிலில் ஏர் கூலிங், வாட்டர் கூலிங் இரண்டும்!

நம்பிகள் ஆலவட்டம் வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஐதீகம். ராமானுஜரின் சந்தேகங்களுக்கான ஆறு வார்த்தைகள் அப்படித்தான் கிடைத்தன. எனக்கு இதில் பிடித்த விஷயம், விசிறுகிறவர் எதிரிலேயே நிற்கிறார். முகத்தைப் பார்க்கிறார். புழுக்கம் தெரிந்து வீசுகிறார்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்காவில் இது அறுந்துபோனது. கூரையில் தொங்கும் துணிப் பங்காவின் கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். இழுக்கிற ஆள் அங்கே. உள்ளே துரைக்கு வேர்க்கிறதா, குளிர்கிறதா, அவருக்கு எப்படித் தெரியும்? ராத்திரி கண்ணசந்தால் துரை எழுந்து வந்து உதைப்பார். ஸ்பீடு கன்ட்ரோல் அவ்வளவுதான். செத்துப்போனவர்களும் உண்டு. கோர்ட்டில் வெள்ளைக்காரர் தரப்பு அடிக்கடி சொன்ன வாதம், இந்த ஆளுக்கு மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசாகத் தட்டினாலே வெடித்துவிடும் என்பது. அபராதத்தோடு முடிந்த வழக்குகள் நிறைய.

பிறகு கரண்ட் வந்தது, சீலிங் ஃபேன் வந்தது. சுவரில் கனத்த ரெகுலேட்டர் பெட்டி. ஃபேனை மெதுவாக்கினால் மிச்ச கரண்ட் அந்தப் பெட்டியில் சூடாக வீணாகும். காற்று குறையும், பில் அவ்வளவாகக் குறையாது.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் பவர் சப்ளைக்குள் ஒரே ஒரு ஃபேன். சத்தம் ஆகாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கு முந்தின வருஷம் ஃபேனே இல்லாமல் ஆப்பிள்-3 கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டார். பென்டியம் காலத்தில் பிராசஸர் தலைமேலேயே ஃபேன் ஏறியது. 2004-ல் இன்டெலின் பென்டியம்-4 பிரெஸ்காட் கொதித்த கொதியில், ஃபேன் ஒயரில் நாலாவது ஒன்றும் சேர்ந்தது.

அந்த நாலு ஒயரில்தான் விஷயம். ஒன்று 12 வோல்ட். ஒன்று எர்த். மூன்றாவது, ஃபேன் மதர்போர்டுக்குப் பேசுகிற ஒயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், போர்டு எண்ணிக்கொள்ளும். நாலாவது, போர்டு ஃபேனுக்குப் பேசுவது. செகண்டுக்கு 25,000 தடவை ஆன், ஆஃப். ஆன் நேரம் கூடினால் வேகம் கூடும். அது ஏன் 25,000? மனிதக் காது சுமார் 20,000-க்கு மேல் கேட்காது. குறைத்து வைத்தால் கொசு மாதிரி ரீங்காரம். பிராசஸரிலும் போர்டிலும் உள்ள சென்சார்கள் சூட்டைச் சொல்ல, இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று பயாஸில் நீங்கள் போட்ட கோட்டின்படி ஃபேன் ஓடும். மறுபடி முகம் பார்த்து விசிறும் ஆள் வந்தாயிற்று!

கேபினட் ஃபேன்கள் பலவற்றில் இன்னும் மூன்று ஒயர்தான். அவற்றுக்கு வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பயாஸில் டி.சி. என்று தேர்ந்தெடுக்காவிட்டால் ஓயாமல் முழு வேகத்தில் அலறும்.

காஞ்சியில் பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் போடுவது இப்போது கம்ப்யூட்டரில்தான். மே மாதம், ரூமே 40 டிகிரி. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் ரூம் காற்றைவிடக் குளிர வைக்காது. லண்டன்காரர் கணக்கில் 40 டிகிரிக்கு எழுபது சதவீதம் என்று கோடு போட்டால் நாள் முழுக்க ஓலம்தான், பலன் பூஜ்யம். ஆரம்பப் புள்ளியை 50-க்கு நகர்த்துங்கள். கேபினட் ஃபேனை பிராசஸர் சூட்டோடு கட்டாமல் போர்டு சூட்டோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் உர்ரென்று எகிறி அடங்கும். பல போர்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட செட்டிங்கைச் சேமிக்கலாம். சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.