அக்டோபரில் கின்னௌர் போறீங்களா? அந்த மலைக்கு அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம்

ஆயுத பூஜை லீவோடு ரெண்டு நாள் சேர்த்துப் போட்டு, டெல்லி வரை விமானம், அங்கிருந்து சிம்லா வழியாக மலை ஏறுவது என்று ஒரு பிளான் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கலாம். மஞ்சளாகிப்போன மரங்கள், துடைத்துவிட்ட மாதிரி வானம், எதிரே வெள்ளைச் சிகரம் என்று நீங்கள் ரீல்ஸில் பார்த்த இடம் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் அங்கே போய் இறங்கும் அதே வாரங்களில்தான் அந்த ஊர்க்காரர்கள் ஆண்டிலேயே அதிக பரபரப்பாக இருப்பார்கள். பனி விழுவதற்குள் காட்டிலிருந்து கொட்டை வர வேண்டும், தோட்டத்திலிருந்து ஆப்பிள் இறங்க வேண்டும், ஆட்டிலிருந்து கம்பளி வர வேண்டும். இதில் எது தவறினாலும் அடுத்த ஆறு மாதம் கையைக் கடிக்கும். அந்தப் பொருளாதாரத்தில் உங்கள் பங்கு என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கின்னௌர் எப்படிப்பட்ட இடம்?

திபெத் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம். 1960-இல் தனி மாவட்டமானது. சட்லெஜ் ஆறு குறுக்கே ஓடுகிறது. பரப்பு 6,401 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 84,121 பேர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 13 பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு இந்த எண் 555.

உயரத்தையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கின்னௌரின் சித்குல் கிராமம் சுமார் 3,450 மீட்டர். தொட்டபெட்டா உச்சியைவிட 800 மீட்டர் மேலே மக்கள் வீடு கட்டி, விவசாயம் பார்த்து வாழ்கிறார்கள்.

மழை செப்டம்பர் நடுவில் ஓயும். நவம்பர் தாண்டினால் பனி எப்போது வேண்டுமானாலும் வழியை மூடலாம். இடையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை மாதம்தான்.

அந்த இரண்டு மாதத்தில் ஊர் என்ன செய்கிறது?

தொடக்கமே மலையேற்றம்தான். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பல கிராமங்களில் ‘உக்யாங்’ திருவிழா நடக்கும். கின்னௌரி மொழியில் ‘உ’ என்றால் பூ, ‘க்யாங்’ என்றால் பார்ப்பது. ஊர்க்காரர்கள் மேய்ச்சல் வெளிகளுக்கு ஏறிப்போய் காட்டுப் பூக்களைப் பறித்து வந்து ஊர்த் தெய்வத்துக்குப் படைப்பார்கள். ட்ரெக்கிங் என்ற சொல் அங்கே வருவதற்கு முன்பே அந்த நடை இருக்கிறது.

பிறகு வேலை. மாடுகளுக்குக் குளிர்காலப் புல் அறுத்துக் காயவைக்க வேண்டும். விறகு சேர்க்க வேண்டும். ஆப்பிள் லாரி ஏற வேண்டும். உயரத்தில் மேய்ந்த ஆட்டு மந்தைகள் கீழே இறங்கும், கம்பளி வெட்டுவார்கள். இதே நேரத்தில்தான் காட்டில் சில்கோசாவும் முதிரும்.

சில்கோசா என்றால் என்ன?

ஒரு வகை பைன் மரத்தின் விதை. மெலிதாக, நீளமாக, ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும். உள்ளூரில் ‘நியோஜா’ என்றும் சொல்வார்கள். உலகத்தில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று ஒரு குறுகிய பகுதியில் மட்டுமே இந்த மரம் இயற்கையாக வளர்கிறது. இந்தியாவில் அதன் முக்கிய இடம் கின்னௌர். கல்யாணத்தில் விருந்தாளிக்குப் போடும் மாலையைக்கூட அங்கே சில்கோசாவில் கோப்பார்கள்.

நகரத்துக் கடையில் இது கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது. ‘இவ்வளவு விலையா’ என்று கேட்பதற்கு முன்னால் வேலையைப் பாருங்கள். ஓர் ஆண்டு உருவாகும் கூம்பு அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் முதிர்கிறது. மரங்கள் நிற்பது செங்குத்தான, கல் உருளும் சரிவில். கூம்பு வெடித்து விதை சிதறுவதற்கு முன் மரமேறிப் பறிக்க வேண்டும், இல்லையென்றால் பறவையும் அணிலும் முந்திக்கொள்ளும். பறித்ததைக் குவித்துக் காயவைத்து, கூம்பு விரிந்ததும் தட்டி விதை எடுப்பார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கூம்பு முழுவதையும் பறித்துவிட்டால் மண்ணில் விழ விதை மிஞ்சாது. கிளையோடு வெட்டி இறக்கினால் அடுத்த ஆண்டுக்கான பிஞ்சுக் கூம்பும் சேர்ந்து போய்விடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இந்த மரம் ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ பிரிவில் இருக்கிறது. வயதான மரங்கள் நிற்கின்றன, கன்றுகள் குறைவு. விலை ஏற ஏற, மரத்தில் ஒன்றையும் விட்டுவைக்காத ஆசையும் ஏறுகிறது.

அந்தக் காடு யாருடையது?

மரம் வனத்துறையின் கணக்கில் இருக்கும். விளைச்சலை எடுக்கும் உரிமை வழிவழியாகக் கிராமத்துக்கு. வன உரிமைச் சட்டம் 2006 சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கும் பாரம்பரிய வனவாசிகளுக்கும் உரிமை தருகிறது. கின்னௌர் அரசமைப்பின் 5-ஆம் அட்டவணைப் பகுதி என்பதால் கிராம சபைக்குக் கூடுதல் பலம்.

நடைமுறையில் இரண்டு வழிகள். ஊரே சேர்ந்து பறித்துப் பங்கு பிரிப்பது ஒன்று. ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டுவிடுவது இன்னொன்று. ஒப்பந்தக்காரருக்கு அந்த சீசன் லாபம்தான் கணக்கு. பத்து வருடம் கழித்து அந்தச் சரிவில் கன்று முளைத்ததா என்பது ஊருக்குத்தான் கவலை.

இந்த உரிமை வெறும் காகிதமா? 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. காஷாங் நீர்மின் திட்டத்தின் அடுத்த கட்டங்களுக்குக் காட்டு நிலம் எடுப்பதற்கு முன், லிப்பா உள்ளிட்ட கின்னௌர் கிராம சபைகளின் முன் விஷயத்தை வைக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டது கிராம மக்கள்தான். காடு அவர்களுக்கு வருமானம் என்பதால்தான் அவ்வளவு தூரம் போனார்கள்.

கம்பளி ஷாலாவது எப்படி?

பனி மூடியதும் வேலை வீட்டுக்குள் போகும். இலையுதிர்காலத்தில் சேர்த்த கம்பளியைச் சுத்தம் செய்து, நூற்று, தறியில் ஏற்றுவார்கள்.

கின்னௌரி ஷாலின் அடையாளம் அதன் கரை. கோயில், பூ, பௌத்தச் சின்னங்கள் எல்லாம் நேர்கோட்டு வடிவங்களாக வரும். வெள்ளை நீர், மஞ்சள் நிலம், சிவப்பு நெருப்பு, பச்சை காற்று, நீலம் ஆகாயம் என்று 5 நிறத்துக்கும் பொருள் சொல்வார்கள். இது எம்பிராய்டரி இல்லை. பாவு நூலுக்குள் கூடுதல் ஊடை நூலை விரலால் நுழைத்து, வரிசை வரிசையாக நெய்வது. கரை அகலமாக அகலமாக நாட்களும் கூடும். நல்ல வேலைப்பாடு என்றால் ஒரே ஷால் மாதக்கணக்கில் தறியில் இருக்கும்.

இப்போ எண்ணுக்கு வருவோம். நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) இந்தியாவில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இது நாடு முழுவதற்குமான எண், கின்னௌருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் விசைத்தறி நகல் எங்கே வலிக்கும் என்பதை அது காட்டுகிறது.

நகலைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு. கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985, கைத்தறிக்கென்று 11 வகைப் பொருட்களை ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் சேலை, வேட்டியோடு ஷாலும் உண்டு. இரண்டாவது, புவிசார் குறியீடு. காஞ்சிப் பட்டைப் போலவே கின்னௌரி ஷாலுக்கும் அது கிடைத்திருக்கிறது. அந்தப் பதிவகம் இருப்பது நம்ம சென்னை கிண்டியில்தான். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் தனியாக நெய்யும் ஒரு பெண், மால் ரோட்டுக் கடைக்காரர் மேல் வழக்குப் போடப்போவதில்லை. அதனால் வாங்குபவர் கேட்கும் கேள்விதான் முதல் தடுப்பு.

அப்படின்னா நான் என்ன செய்யணும்?

ஷால் வாங்கும்போது: புவிசார் குறியீட்டு லேபிள் அல்லது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யார் நெய்தது, எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். அடுக்கி வைத்த எல்லா ஷாலும் இழை பிசகாமல் ஒரே மாதிரி இருந்து, விலையும் ஆச்சரியப்படும்படி குறைவாக இருந்தால், கைத்தறியாக இருக்க வாய்ப்பு குறைவு.

சில்கோசா வாங்கும்போது: முடிந்தால் ஊர்க்காரர்களிடமோ அவர்களுடைய கூட்டுறவிடமோ வாங்குங்கள். ட்ரெக் வழியில் மரத்தில் இருக்கும் கூம்பையோ தோட்டத்து ஆப்பிளையோ கை வைக்காதீர்கள். ஆளில்லாத காடு மாதிரி தெரிந்தாலும் அதற்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

நடக்கும்போது: 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடினால் கீழே இறங்குங்கள்.

வானத்தையும் நம்பாதீர்கள். 2021 அக்டோபர் நடுவில், உத்தரகாண்டின் ஹர்சிலிலிருந்து 5,200 மீட்டருக்கு மேலான லம்காகா கணவாய் வழியாகச் சித்குல் நோக்கி வந்த ஒரு குழு திடீர்ப் பனியில் சிக்கியது. பலர் உயிரோடு திரும்பவில்லை. அதனால் கணவாய் தாண்டும் பிளான் என்றால், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். அவர் ‘இன்னைக்கு வேண்டாம், திரும்பலாம்’ என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்புங்கள். டிக்கெட் போடும்போதே இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் அந்த முடிவு சுலபமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தங்கும் வீட்டில் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் முகம் சுளிக்காதீர்கள். அந்த அம்மா காலையிலிருந்து புல் அறுத்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருப்பார். பனி வருவதற்குள் அவருக்கு இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கும்.