பிறவிக் குறைபாடுகளின் சூழற் காரணிகள்

பிறவிக் குறைபாடுகளின் சூழற் காரணிகள் என்பவை, கருவில் வளரும் சிசுவின் உறுப்பமைப்பையோ செயற்பாட்டையோ பாதிக்கக்கூடிய வேதிப்பொருட்கள், நோய்த்தொற்றுகள், ஊட்டக் குறைகள், பழக்கவழக்கங்கள் ஆகியன ஆகும். மரபியல் காரணங்கள் இவற்றில் அடங்கா.

பாதிப்புக்குள்ளாகும் காலம்

கருத்தரித்த 3 முதல் 8 வாரங்களில் பெரும்பாலான உறுப்புகள் உருவாகின்றன. மூளையும் தண்டுவடமும் தோன்றும் நரம்புக்குழாய் ஏறத்தாழ 28 ஆம் நாளில் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்னரே இக்கட்டம் கடந்துவிடுகிறது. எனவே கருவுறும் முன்பிருந்தே கவனம் தேவை.

நிறுவப்பட்ட காரணிகள்

* மது: மூளை வளர்ச்சியையும் முக அமைப்பையும் பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என எதுவும் கண்டறியப்படவில்லை.
* புகைத்தல்: உதட்டுப் பிளவு, எடைக்குறைவு.
* கட்டுப்படுத்தப்படாத நீரிழிவு: இதய, நரம்புக்குழாய்க் குறைபாடுகள்.
* ருபெல்லா: கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறைபாடு. தடுப்பூசியைக் கருவுறும் முன்னரே இட்டுக்கொள்ள வேண்டும்.
* மெத்தில் பாதரசம்: ஜப்பானின் மினமாட்டாவில் 1956 இல் வெளிப்பட்ட நஞ்சேற்றம் கருவிலிருந்த சிசுக்களையும் தாக்கியது.
* ஃபோலிக் அமிலக் குறைபாடு: நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தவிர்க்க நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பரிந்துரைக்கப்படுகிறது.

வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரம்

பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. 2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம் ஆகும். அறுவிணைதிறக் குரோமியம் இதைவிட நச்சு மிக்கது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் கழிவுக் குவியலில் இது உள்ளது. விலங்குச் சோதனைகளில் இது கருவைப் பாதித்துள்ளது. மனிதரிடத்தில் சான்றுகள் குறைவு. ஆகவே ஒரு குழந்தையின் குறைபாட்டுக்கு இதுவே காரணம் என அறுதியிட இயலாது.

காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். ஒட்டுப்பசைகளில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கக்கூடும். போதைக்காக டொலுயீனை மிகுதியாக முகர்ந்த தாய்மாரின் குழந்தைகளிடம் தலை சிறுத்தல் பதிவாகியுள்ளது. பணியிடத்தில் அளவு இதைவிடக் குறைவு. எனினும் நல்ல காற்றோட்டமும் கருவுற்றோருக்கு மாற்றுப் பணியும் தேவையான தற்காப்புகளாகும்.

சட்டம்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. முழுமையான அறிவியல் சான்று இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்பதே முன்னதன் பொருள். 2025 ஜனவரி 30 அன்று அந்நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இவற்றையும் பார்க்க

* பாலாறு
* குரோமியம்
* நரம்புக்குழாய்க் குறைபாடு