காழ்

விதை, மரத்தின் வைரம், மணிவடம் ஆகிய மூன்றுக்கும் பழந்தமிழில் ஒரே சொல்: காழ். அடிப்படைப் பொருள் கடினம். முற்றி இறுகுவது காழ்த்தல். மனம் இறுகினால் காழ்ப்பு. நெல்லைச் சீமைப் பனைக்கு வைரம் வெளிப்புறத்தில் ஏறும். அதுவே புறக்காழ், அப்படிப்பட்டவற்றைத் தொல்காப்பியம் புல்லினத்தில் சேர்த்தது. எத்தனை கூர்மையான பார்வை!

அணிக்கு இப்பெயர் வந்தது, ஆதியில் குன்றிமணி போன்ற விதைகளைக் கோத்து அணிந்ததால் இருக்கலாம் என்பது என் எண்ணம். முக்காழ் என்றால் மூன்று வடம். அன்று தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த கொற்கையின் முத்தும் கோத்தால் காழ்தான். ஆனால் முத்து மென்மையானது. சொல்லின் முழுப்பொருளும் பொருந்துவது பண்டைய கொடுமணல் ஊரின் மணிப் பட்டறைகளில் துளையிட்ட சூதுபவளத்துக்கும் பளிங்குக்கும். அவற்றின் கடினம் மோவின் அளவுகோலில் ஏறத்தாழ 7. சாதாரண இரும்பூசி அவற்றில் இறங்காது; குருந்தம் போல இன்னும் கடினமான கல்லின் துணை வேண்டும்.