ராஜ்தூத் 350: பழைய சிங்கத்தை வாங்கலாமா?

நூறு சிசி பைக் ஓட்டி அலுத்தவர்கள் பலருக்கும் பழைய ராஜ்தூத் 350 மீது ஒரு கண் உண்டு. வாங்கும் முன் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1973-ல் யமஹா வெளியிட்ட ஆர்டி350தான் இதன் தாய் வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1983-ல் இந்தியாவில் இறக்கியது. புல்லட்டும் யெஸ்டியும் ஓடிய சாலையில் 30.5 குதிரைத்திறன்! அதே ஆண்டு வந்த 'ஹீரோ' இந்திப் படத்தில் ஜாக்கி ஷெராஃப் இதை ஓட்டினார்.

ஆனாலும் விற்பனை சரியில்லை. விலை அதிகம், பெட்ரோலைக் குடிக்கும், உதிரிபாகம் கிடைக்காது. மைலேஜுக்காக 27 குதிரைத்திறனாகக் குறைத்தும் பயனில்லை. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100 மைலேஜைக் காட்டியே மக்களை இழுத்துக்கொண்டது. பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் ராஜ்தூத் 350 நின்றுபோனது.

இதில் கவனிக்க வேண்டியது பிரேக். ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தது. செலவைக் குறைக்க இங்கே இரண்டு பக்கமும் டிரம்தான். ஓடுவதில் புலி, நிற்பதில் பூனை! 11 குதிரைத்திறன் ஆர்எக்ஸ்100-ல் பழகிய கைக்கு இது ஆபத்து.

ஆகவே எஞ்சின், சேசிஸ் எண்களை ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஆயில் பம்ப் வேலை செய்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிஸ்டன் இறுகிவிடும். பெயின்ட்டுக்குச் செலவு செய்யுமுன் பிரேக்குக்குச் செய்யுங்கள். சிங்கம் வீட்டுக்கு வரட்டும், நீங்களும் பத்திரமாக வீட்டுக்கு வாருங்கள்!