கடிக்காத மனசாட்சி

செய்த தவறு மனசாட்சியை உறுத்துகிறது என்கிறோம். லத்தீன்காரர்களுக்கு அது கடித்தது. ‘மோர்தெரே’ என்றால் கடித்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திரும்பத் திரும்பக் கடித்தல். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ‘ரிமோர்ஸ்’ ஆகி இங்கிலாந்தில் இறங்கியது.

1340-இல் கேன்டர்பரியில் மைக்கேல் என்ற துறவி, பிரெஞ்சு அறநூல் ஒன்றைக் கென்ட் வட்டார ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். தலைப்பை உள்ளூர்ச் சொற்களாலேயே கோத்தார்: ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’, உள்ளறிவின் மறுகடி. அந்தத் தொடர் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. 1922-இல் வெளிவந்த ‘யுலிசீஸ்’ நாவலில், இறந்த தாயை எண்ணிக் குமையும் ஸ்டீபனுக்காக ஜேம்ஸ் ஜாய்ஸ் அதைத் தேடி எடுத்தார். பேச்சில் வாழ்ந்தது பிரெஞ்சுச் சொல்தான்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு இரக்கம் என்ற பொருளும் இருந்தது. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், கடனுக்கு ஈடாகச் சதையைக் கேட்கும் ஷைலக்கிடம் வெனிஸ் கோமகன் எதிர்பார்ப்பது அந்த ‘ரிமோர்ஸ்’தான். கத்தி இன்னும் சதையைத் தொடவில்லை. வருந்துவதற்கு எதுவும் நடந்துவிடவில்லை. ஆகவே ‘ரிமோர்ஸ்’ அற்றவன் எனப் பொருள்படும் அன்றைய ‘ரிமோர்ஸ்லெஸ்’ ஈவிரக்கமற்றவனையும் சுட்டியது.

ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில், தந்தையைக் கொன்ற சிற்றப்பன் கிளாடியஸை ஹாம்லெட் இந்தச் சொல்லால்தான் ஏசுகிறான். அடுத்த அங்கத்திலேயே அதே கிளாடியஸ் தனிமையில் மண்டியிட்டு, ஜெபிக்க முடியாமல் குற்றவுணர்வில் தவிக்கிறான். அந்தப் புலம்பல் நமக்குக் கேட்கிறது, ஹாம்லெட்டுக்குக் கேட்பதில்லை. இன்னொருவர் நெஞ்சுக்குள் கடி விழுகிறதா என்று வெளியே நிற்பவர் அறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1637-இல் நண்பர் எட்வர்ட் கிங் ஐரிஷ் கடலில் மூழ்கி இறந்தபோது, கவிஞர் மில்டன் தன் இரங்கற்பாவில் ஆழ்கடலுக்கே ‘ரிமோர்ஸ்லெஸ்’ என்ற அடைமொழியைக் கொடுத்தார். இன்று ஓயாத மழைக்கும் விடாத நெருக்கடிக்கும் அது பொருந்துகிறது. அப்படி அழைப்பதால் கடலுக்கு நட்டமில்லை, மனிதருக்கு உண்டு.

கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் 1991-இல் வெளியிட்ட மனப்பிறழ்வு மதிப்பீட்டுப் பட்டியலின் 20 கூறுகளில் குற்றவுணர்வின்மையும் ஒன்று. பல நாட்டு நீதிமன்றங்களில் மனவருத்தம் தண்டனையைக் குறைக்கும் காரணம். ஆனால் குற்றமே செய்யாமல் சிறைப்பட்டவர் எதற்காக வருந்துவார்? அச்சத்தில் முகம் இறுகியவரும் கல்நெஞ்சராகவே தெரிவார்.

‘அன்ரிபென்டன்ட்’ என்ற நெருங்கிய பொருளுடைய சொல் அவ்வளவு ஆபத்தானதல்ல. செய்ததற்கு வருந்தமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்பவரை அப்படி அழைக்கலாம். சாட்சி அவர் பேச்சே. ‘ரிமோர்ஸ்லெஸ்’ தீர்ப்பளிப்பது பேச்சின் மீதல்ல, நெஞ்சின் மீது. மன்னிப்புக் கேட்காதவரைப் பற்றி எழுதும்போது, மன்னிப்புக் கேட்கவில்லை என்றே எழுதுவோம். கண்டது அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஆதாரம் வேண்டும்.