ரீல்ஃபுட் ஏரி: தண்ணீருக்கு அடியில் ஒரு பட்டா

ஏரி என்றால் நமக்கு யாரோ ஒரு அரசன் வெட்டியது, கரை போட்டது, மதகு வைத்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ரீல்ஃபுட் ஏரியை யாரும் வெட்டவில்லை. 1811 டிசம்பரில் தொடங்கி 1812 பிப்ரவரி வரை நியூ மாட்ரிட் வட்டாரத்தில் அடுத்தடுத்துப் பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. (நெப்போலியன் 1803-இல் அமெரிக்கர்களுக்கு விற்றுத் தீர்த்த லூயிசியானாவில் சேர்ந்த ஊர் அது.) மிசிசிப்பியின் கிழக்குக் கரையில் காட்டு நிலம் அப்படியே அமுங்க, ஓடைத் தண்ணீர் அதில் தேங்கியது. ஆறு சிறிது நேரம் பின்னோக்கி ஓடியதாகப் பார்த்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பரப்பு பெரிது, ஆழம் கிடையாது. சராசரி 5 அடிதான். பல இடங்களில் ஓர் ஆள் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கலாம். முழுகிய காட்டின் அடிமரக் கட்டைகள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. சாதாரணப் படகு அதில் மோதிப் பிளந்துவிடும். அதனால் உள்ளூர்க்காரர்கள் தட்டையான தனிப் படகு ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதன் துடுப்புகளில் கீல் உண்டு; துடுப்பவர் வழக்கம்போல் முதுகைக் காட்டாமல், போகிற திசையைப் பார்த்தே உட்காரலாம். கட்டை எங்கே என்று தெரிய வேண்டாமா!

படகுக்கு எமனான அந்தக் கட்டைகள்தான் மீனுக்கு வீடு. அங்கே பேர்பெற்ற மீன்கள் இரண்டு. ஒன்று அகன்ற வாய் பாஸ்: நம் விரால் மாதிரி, கட்டையோரம் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும், ஆண் மீன் குழி பறித்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். மற்றொன்று கிராப்பி: ஜிலேபிக் கெண்டை போலத் தட்டையான உடல், வெள்ளி நிறத்தில் கரும்புள்ளிகள். ஆழமில்லாத தண்ணீர் வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும். 16, 18 டிகிரி வந்ததும் கிராப்பிகள் கூட்டமாகக் கரையோரம் முட்டையிட வந்துவிடும். தக்கை கட்டி, சின்ன மீனைத் தூண்டிலில் கோத்துக் கட்டையருகே இறக்கினால் போதும். ஆனால் வாய்த்தோல் காகிதம் போன்றது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். காற்று பலமாக அடித்தால் அடிச்சேறு கலங்கும், அன்று கண்ணை நம்பி வேட்டையாடும் பாஸ் சரியாகக் கடிக்காது. கோடையில் பாசி மண்டினால் விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோகும்.

பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். கிராப்பி என்ற பெயரே கனடா பிரெஞ்சில் ‘கிராபே’ என்பதிலிருந்து வந்தது. லூயிசியானாவில் ‘சாக் அ லே’, அதாவது பால்பை என்பார்கள். கருங்கிராப்பியை முதலில் விவரித்தவர் லெசுயர் என்ற பிரெஞ்சு ஓவியர். 1829-இல் குவியே வெளியிட்ட மீன் நூலில் அது வந்தது. அதே லெசுயரோடு போதேன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்தான், பிறகு நம் புதுச்சேரித் தாவரத் தோட்டத்தைக் கவனித்த லெஷனோ. அவரும் இங்கிருந்து குவியேவுக்கு மீன் அனுப்பினார்.

ஏரிக்கு வருவோம். அரசாங்க எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு மீனைவிட இந்தக் கதைதான் பிடித்தது. நிலம் அமுங்குவதற்கு முன்பே வட கரோலினா அரசு அந்த இடத்தில் சிலருக்கு நிலம் வழங்கியிருந்தது. நிலம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது, பட்டா மட்டும் மேலே மிதந்தது! ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து மேற்கு டென்னசி நிலக் கம்பெனி அந்தப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு, ஏரி முழுவதும் தனக்கே சொந்தம் என்றது. தலைமுறையாக மீன் பிடித்து வந்தவர்கள் இனிப் பணம் கட்ட வேண்டும், மீனைக் கம்பெனி குறித்த வியாபாரியிடமே விற்க வேண்டும். நீதிமன்றமும் காகிதத்தைப் பார்த்துக் கம்பெனி பக்கமே சாய்ந்தது.

1908-இல் மீனவர்கள் முகமூடி போட்டு இரவில் குதிரையில் கிளம்பினார்கள். அக்டோபர் 19 இரவு, கம்பெனியோடு சேர்ந்த வழக்கறிஞர்கள் குவென்டின் ராங்கின், டெய்லர் இருவரையும் விடுதியிலிருந்து இழுத்துப் போனார்கள். ராங்கினைத் தூக்கிலிட்டுச் சுட்டார்கள். டெய்லர் தண்ணீரில் குதித்து மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்து தப்பினார். ஆளுநர் பாட்டர்சன் படையோடு வந்தார். ஆறு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1909-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இவர்களை வீரர்களாகப் பாடுகிறவர்கள் உண்டு. நான் பாட மாட்டேன். அதே அக்டோபரில் சற்று வடக்கே, கென்டக்கியின் ஹிக்மன் ஊர்ப்பக்கம், இதேபோல் முகமூடிக் குதிரைக் கும்பல் டேவிட் வாக்கர் என்ற கறுப்பின மனிதரின் வீட்டுக்குத் தீ வைத்து, அவரையும் குடும்பத்தினரையும் சுட்டது. அந்தக் குடும்பம் எந்த ஏரிக்கும் பட்டா கேட்கவில்லை.

கடைசியில் 1914-இல் டென்னசி அரசே ஏரியை எடுத்துக்கொண்டது. இன்று உரிமச் சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். சுற்றுப்புற வயல்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் வண்டல் அடித்து வந்து ஏரியைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. 5 அடியில் இன்னும் எவ்வளவு குறையும் என்பதுதான் இப்போது அங்கே பேச்சு.