தங்கவயலுக்கு எட்டாத முயல்கூண்டு

1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் சிவசமுத்திரத்து அருவியின் மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பிவழி ஓடி கோலார் தங்கவயலை எட்டியது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை ரயில் வந்துவிட்டது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 38,204 பேர். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்தன. உலகின் புதிய இயந்திரங்கள் எல்லாம் முதலில் வந்து இறங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த லைன்களில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்திருந்தால், அன்றைக்கு அதற்கான மருந்து தங்கவயலில் மட்டுமல்ல, தென்னிந்தியா முழுவதிலும் எங்கும் இல்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு அப்போதே பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கு வறுமையையும் அரசின் அலட்சியத்தையும் காரணம் சொல்வது வழக்கம். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் உண்டு: அந்த மருந்து உயிருள்ள முயலின் உடலில்தான் வாழ்ந்தது. முயலின் உடலை நாம் வெறும் பாத்திரமாக நினைத்துவிட்டோம். அந்த உடல்தான் கிருமியின் குணத்தையும், சிகிச்சை கிடைத்த இடங்களையும், மருந்தின் தீங்குகளையும்கூடத் தீர்மானித்தது.

லூயி பாஸ்டரும் எமில் ரூவும் 1880களில் வெறிநாய்க்கடி நோயை, அதாவது ரேபிஸை, ஆராய்ந்தபோது நோய்க்கிருமியை அவர்களால் கண்ணால் பார்க்க முடியவில்லை. மற்றக் கிருமிகளைச் சாற்றில் வளர்த்ததுபோல் இதை வளர்க்கவும் முடியவில்லை. உயிருள்ள நரம்புத் திசுவில் மட்டுமே அது பெருகியது. எனவே நோயுற்ற விலங்கின் மூளைச் சாற்றை முயலின் மண்டையோட்டில் துளையிட்டு உள்ளே செலுத்தினார்கள். அந்த முயல் இறந்ததும் அதிலிருந்து அடுத்த முயலுக்கு. தெருநாயிடமிருந்து எடுத்த கிருமி முதல் முயலை நோய்ப்படுத்த இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பல முயல்களைக் கடந்த பிறகு அந்தக் காலம் ஏழு நாளாகக் குறைந்து, அதற்குமேல் மாறாமல் நின்றது. அதனால்தான் அதை நிலைப்பட்ட வைரஸ் என்றார்கள். இறந்த முயலின் தண்டுவடத்தைப் பொட்டாஷ் இட்ட கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினால் அதன் வீரியம் நாளுக்கு நாள் தணிந்தது. 1885 ஜூலை 6 அன்று ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்குப் போட்ட முதல் ஊசியில் இருந்தது பதினைந்து நாள் உலர்ந்த தண்டுவடம். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் புதிதான தண்டுவடத்திலிருந்து. ஆக, ஒரு நோயாளியைக் காப்பாற்ற ஒரு முயல் போதாது. உலர்தலின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தண்டுவடம் வேண்டும் என்றால் அன்றாடம் ஒரு முயலுக்கு நோய் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் மருந்தே அழிந்துபோகும்.

அந்தச் சங்கிலியின் கண்ணியான முயலைப் பேணுவது எளிய காரியம் அல்ல. கோலார்ப் பக்கத்துப் புதர்க்காடுகளில் திரியும் முயல் வேறு இனம். அது கூண்டில் தழைப்பதில்லை. ஆய்வகத்து முயல் ஐரோப்பாவிலிருந்து வந்தது, வெப்பத்தைத் தாங்காதது. அதோடு முயல் ஒரு தனி உயிராக வாழ்வதும் இல்லை. அதன் உடல் எண்ணற்ற நுண்ணுயிர்களின் கூட்டுக்குடித்தனம். புல்லைச் செரிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதன் பருத்த குருட்டுக்குடலில் நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள்தான். அவை ஆக்கித் தரும் சத்தை அடைவதற்காக முயல் தன் மென்புழுக்கைகளைத் தானே தின்கிறது. தாய்ப்பாலின் கொழுப்பு அமிலங்கள் குட்டியின் வயிற்றில் கிருமிகளை அண்டவிடுவதில்லை. பால் மறக்கும் நாட்களில் அந்தக் காவல் விலகி, புதிய நுண்ணுயிர்க்கூட்டம் குடியேறும்போது குட்டிகள் கொத்துக்கொத்தாகச் சாவது இன்றைய பண்ணைகளிலும் நடக்கிறது. மூக்கில் பாஸ்சுரெல்லா, குடலிலும் ஈரலிலும் கோக்சிடியா என்ற ஒட்டுண்ணி. நெருக்கமான கூண்டுகளில் இவை காத்திருக்கும். ரேபிஸ் வைரஸை ஏற்றிய முயல் ஏழு நாளுக்கு முன்பே கழிச்சலில் செத்தால் அந்தக் கண்ணி வீண். வெறிநாய்க்கடி மருந்தின் வரலாற்றில் முயல்கூண்டைக் கழுவியவர்களையும் புல் நறுக்கிப் போட்டவர்களையும் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஆனால் அவர்கள் அன்றாடம் காத்தது இந்த நுண்ணுயிர்ச் சமநிலையைத்தான்.

இந்தச் சிகிச்சையைத் தரும் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயத்தின் அடிவார மலைகளில் உள்ள காசௌலியில் டேவிட் செம்பிளின் தலைமையில் தொடங்கியது. தங்கவயலில் கடிபட்டவர் நாட்டின் மறுகோடியில் இருக்கும் கால்கா வரை ரயிலில் போய், பிறகு மலையேற வேண்டும். ரேபிஸ் எப்போது மூளையை எட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலையிலோ முகத்திலோ கடிபட்டவருக்குக் காலம் மிகக் குறைவு. 1902இல் குன்னூரில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் இந்த நோயால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது. மாரிக்குப்பத்தில் ரயிலேறியவர் பௌரிங்பேட்டை, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்து, 1899இல் திறந்த மலைரயிலில் குன்னூருக்குப் போய்ச் சேர முடிந்தது. ஆனால் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு அந்தப் பயணமும், பல நாள் கூலியை விட்டு மலையில் தங்குவதும் எத்தனை பெரிய சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். குன்னூரையும் காசௌலியையும் தேர்ந்தது வெள்ளைக்காரர்களின் வசதிக்காகத்தானே, முயலுக்காகவா என்று கேட்கலாம். ராணுவமும் தோட்டத் துரைமார்களும் மலையில் இருந்தார்கள். இறந்தவர் ஆங்கிலேயப் பெண் என்பதால்தான் பணம் திரண்டது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற பெரிய ஊர்களிலும் அதே காலத்தில் நிலையங்கள் தோன்றியிருக்க வேண்டும். அங்கே ஆங்கிலேயர் குறைவா? பம்பாயில் இந்தச் சிகிச்சை 1922இலும் கல்கத்தாவில் 1924இலும்தான் வந்தது. இடையில் 1911இல் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது: செம்பிள் தன் புதிய தடுப்பூசியை அறிவித்திருந்தார். நோயேற்றிய முயலின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்து வைரஸைக் கொன்றுவிடுவது அவர் முறை. அதுவரை உயிருள்ள முயல்களின் இடையறாத வரிசை இருக்கும் இடத்தில்தான் சிகிச்சை இருந்தது. வெயிலில் முயல் வாடும், தண்டுவடம் அழுகும். குளிர்ந்த மலை அதற்குப் பொருத்தம். மருந்து செத்த பிறகுதான் அதைப் புட்டியில் அடைத்துச் சமவெளி மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. செம்பிளுக்குப் பிறகும் 1917இல் ஷில்லாங் மலையில் ஒரு நிலையம் வந்தது உண்மைதான். ஆனால் சமவெளிக்கு வழி திறந்தது அவருக்குப் பின்னரே.

பாத்திரம் வெறும் பாத்திரம் அல்ல என்பதற்கு அறிவியலின் தடுமாற்றமும் சான்று. முயலுக்குள் புகுத்திய கிருமியைத் தேடியவர்கள் முயலின் சொந்தக் கிருமியைக் கண்டு மயங்கினார்கள். 1922இல் ரைட், கிரெய்க்ஹெட் என்ற ஆய்வாளர்கள் வாதம் கண்ட இளம் முயல்களின் மூளையில் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அது என்செபலிட்டோசூன் குனிகுலி என்று பெயர் பெற்றது. நோய்க்குறி எதுவும் காட்டாத முயல்களிலும் அது அமைதியாகக் குடியிருக்கும். 1924இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான மனுவேலியனும் வியாலாவும் வெறிநாய்க்கடி நோயை உண்டாக்குவதே இவ்வகை ஒட்டுண்ணிதான் என்று கருதி அதற்கு என்செபலிட்டோசூன் ரேபியை என்றே பெயரிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக வைரஸின் வீடாக நம்பப்பட்ட மூளையில் வேறொரு குடியும் இருந்தது என்ற உண்மையை உள்வாங்க அறிவியலுக்குக் காலம் பிடித்தது. மேகநோய் ஆய்விலும் முயல்களுக்கே இயல்பாக வரும், மனித நோயின் கிருமியை ஒத்த கிருமி இதேபோன்ற குழப்பத்தைத் தந்தது.

செம்பிளின் மருந்து வைரஸைக் கொன்றது, ஆனால் விலங்கின் மூளையை மருந்திலிருந்து நீக்கவில்லை. பின்னாளில் முயலுக்குப் பதில் ஆட்டு மூளை வந்தது. மருந்தின் இயல்பு மாறவில்லை. நம் ஊர்களில் முந்தைய தலைமுறைகள் நாய்க்கடியைவிட அதிகம் அஞ்சிய, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகள் இவைதாம். ஊசி போட்டவர்களில் மிகச் சிலருக்குக் கைகால் விழுந்தது. சிலர் இறந்தும் போனார்கள். வைரஸ் சரியாகச் சாகாததால் இப்படி நேர்கிறதோ என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1933இல் தாமஸ் ரிவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் நோயே இல்லாத முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்கு மீண்டும் மீண்டும் செலுத்திப் பார்த்தார்கள். குரங்குகளுக்கும் வாதம் வந்தது. குற்றம் கிருமியுடையது அல்ல. அந்நிய மூளைத் திசுவை எதிர்க்கக் கற்ற உடல் தன் நரம்பின் மேலுறையையே தாக்கியது. இது தெரிந்த பிறகும் இந்தியா இந்த ஊசியை எழுபது ஆண்டுகள் போட்டது, மாற்று மருந்து பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டிய பல ஆண்டுகள் உட்பட. இதை நம் பொதுச் சுகாதார வரலாற்றின் மன்னிக்க முடியாத தாமதம் என்றே சொல்வேன்.

தங்கவயல் தொழிலாளரைக் கொன்றது பாறைத்தூசிதான், நாய் அல்ல, பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். 1940களில் பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. தூசி புண்ணாக்கிய நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடிபுகுந்தது. அந்தச் சாவுகளின் முன் நாய்க்கடிச் சாவுகள் எண்ணிக்கையில் சிறியவை. ஆனால் சிலிக்கோசிஸை ஆற்றும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி தூசியை ஏன் அடக்கவில்லை என்பது. வெறிநாய்க்கடிக்கோ மருந்து இருந்தது. மின்சாரத்தையும் ரயிலையும் தேவையென்றதும் கொண்டுவரத் தெரிந்த ஊருக்கு, அந்த மருந்தை மட்டும் கம்பியிலோ தண்டவாளத்திலோ ஏற்றிக் கொண்டுவர முடியவில்லை. உயிரில் வாழும் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரிவதால்தான் தங்கவயலிலிருந்து இந்த வரலாற்றைப் பார்க்கிறேன்.

முயலின் உடல் கிருமியைப் பழக்கியது நமக்கு நன்மையாகவும் முடிந்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் நாகமுரா மாட்டு வெக்கைநோய் வைரஸை நூற்றுக்கணக்கான முயல்கள் வழியாகக் கடத்தி மாட்டைக் கொல்லாத வடிவமாக்கினார். இந்தியாவில் பெரும்பாலும் ஆட்டுத் திசுவில் வளர்த்த ஊசியே போடப்பட்டது. அதைத் தாங்காத மாடுகளுக்கு முயல்வழி ஊசி உதவியது. நாட்டில் கடைசியாக அந்த நோய் தோன்றியது 1995இல், தமிழ்நாட்டில். 2011இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நரம்புத்திசு ஊசித் தயாரிப்பை இந்தியா 2004 இறுதியில் நிறுத்தியது. இன்றைய வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் முயலும் இல்லை, ஆட்டு மூளையும் இல்லை. கண்ணாடிக் கலனில் வளரும் செல்களில் வைரஸை வளர்க்கிறார்கள். ஊசி பெரும்பாலும் கையில்தான் போடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நாய் கடித்தால் புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.